தொட்டில் கட்ட இரண்டு மணி நேரம், வீட்டைத் தொட்டிலுக்குப் பழக்க இருபத்தாறு நாள்

கொக்கி ஒரு சின்ன முனகல்கூடப் போடாமல், ஒரு பகல் தூக்கம் பிடிக்கும்வரை தொட்டில் ஆடி ஓய்ந்தது இருபத்தாறாம் நாளில். அன்றைக்கே அளவுகளையும் செலவையும் எழுதி வைக்கத் தொடங்கிவிட்டோம். அடுத்து தொட்டில் கட்டும் வீட்டில் இதே தப்புகளை முதலிலிருந்து செய்ய வேண்டாம் பாருங்கள்.

வீடு பாளையங்கோட்டைப் பக்கம், கான்கிரீட் தளம். அறை 10க்கு 12 அடி, உயரம் 10 அடி. ஆவணியில் பிறந்த பிள்ளை, வேலை தொடங்கிய அன்று எடை 3.1 கிலோ.

பழைய வளவு வீடாக இருந்தால் இந்தக் கதையே இல்லை. பட்டாசலில் (கூடத்தில்) பனங்கை உத்திரம் இருக்கும். செல் அரித்திருக்கிறதா என்று சுத்தியலால் நாலு இடத்தில் தட்டிப் பார்ப்பார்கள். 'டொக்' என்று பொள்ளல் சத்தம் வராவிட்டால் கயிற்றை மேலே போட்டுக் கட்டிவிடலாம். கான்கிரீட் வீட்டில் கயிறு போட எதுவும் கிடையாது. எல்லாருக்கும் முதலில் கண்ணில் படுவது ஃபேன் கொக்கிதான். நாங்களும் அதில்தான் தொடங்கினோம், அதுதான் முதல் தப்பு.

கொக்கி

ஃபேன் கொக்கியின் பலத்தில் குறை இல்லை. தளம் போடும்போதே கம்பியோடு கட்டியது அது. சிக்கல் அது இருக்கும் இடம். அறையின் நட்டநடுவில் தொட்டில் தொங்கினால் வீட்டில் ஒருவர்கூட நேராக நடக்க முடியாது. பீரோவுக்குப் போகிறவர் குனிந்து போக வேண்டும், ஜன்னலுக்குப் போகிறவர் சுவரை ஒட்டிப் போக வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், ஃபேனைக் கழற்ற வேண்டியிருந்தது. ஸ்டாண்டு ஃபேன் காற்று ஒரு பக்கமாக மட்டும் அடித்ததால் பிள்ளையின் கழுத்து வியர்த்து மறுநாளே வேர்க்குரு வந்துவிட்டது. இரண்டாம் நாள் ஃபேனைத் திரும்ப மாட்டினோம்.

அடுத்து, சுவர் மூலையிலிருந்து இரு பக்கமும் மூன்றரை அடி தள்ளி ஓட்டை போட்டு, பிளாஸ்டிக் பிளக் அடித்து, கேள்விக்குறி மாதிரி வளைந்த கொக்கியை முடுக்கினோம். கடிகாரமும் படமும் மாட்ட அந்தப் பிளக் போதும். ஆனால் தளத்தில் நேர் கீழே இழுக்கும் எடையை அது தாங்காது. பத்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டபோது அசையவில்லை. 25 கிலோ சிப்பத்தைத் தொங்கவிட்டு லேசாக ஆட்டியதும் இருபது நிமிடத்தில் கொக்கி கால் அங்குலம் கீழே இறங்கிவிட்டது. பிள்ளை மூன்று கிலோதானே என்று யாரும் கணக்குப் போடக் கூடாது. தாலாட்டுகிற ஆச்சி தூக்கக் கலக்கத்தில் சேலையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார், மூன்று வயது அண்ணன் ஒருவன் வந்து தொங்குவான். அவர்களுக்கும் சேர்த்துத்தான் கொக்கி.

நின்றது மூன்றாவது முறைதான். பத்து எம்.எம். போல்ட், இரும்பு உறையோடு, முனையில் மூடிய வளையம். உறையின் வெளி அளவு 12 மி.மீ., அதனால் ஓட்டையும் 12 மி.மீ. ஆழம் 60 மி.மீ. டிரில் பிட்டில் 60 மி.மீ. அளந்து இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டால் ஓட்டை ஆழம் மிஞ்சாது. முதல் ஓட்டையில் முக்கால் அங்குலம் போனதும் பிட் நின்றுவிட்டது, தூள் வருவதும் நின்றது. அது தளக்கம்பி. அந்த இடத்தில் இன்னும் அமுக்கி ஓட்டினால் பிட்டும் போகும், கம்பியும் காயப்படும். ஓட்டையை சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டதும் சரியாக இறங்கியது. தூளை சைக்கிள் பம்பால் ஊதி வெளியே எடுக்க வேண்டும், உள்ளே தூள் இருந்தால் உறை விரிந்து பிடிக்காது. மேலே இருக்கும் பூச்சுக்குப் பிடிமானம் கிடையாது. உறை பூச்சைத் தாண்டி கான்கிரீட்டுக்குள் முழுக்கப் போக வேண்டும். எங்கள் அறையில் பூச்சு அரை அங்குலம் இருந்தது, அதையும் சேர்த்துத்தான் 60 மி.மீ.

சோதனைக்கு 25 கிலோ சிப்பம் இரண்டை ஒன்றாகக் கட்டி ஓர் இரவு தொங்கவிட்டோம். வளையத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தோம். காலையில் கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. பிறகுதான் சங்கிலி மாட்டினோம்.

சங்கிலி, ஸ்பிரிங், சேலை

மேலிருந்து வரிசை இது: வளையம், டி ஷாக்கிள் (குறுக்கு ஆணி முடுக்கி மூடும் 'டி' வடிவ வளையம்), ஸ்விவல் கொக்கி (தானே சுழலும் கொக்கி), சங்கிலி, ஸ்பிரிங், இன்னொரு டி ஷாக்கிள், அதற்குக் கீழே சேலைக் கயிறு. 'எஸ்' கொக்கி போட வேண்டாம். எடை இருக்கும்வரை நிற்கும். பிள்ளையைத் தூக்கியதும் எடை குறைந்து ஸ்பிரிங் துள்ளும், அந்தத் துள்ளலில் 'எஸ்' கழன்று விழும். நான்காம் நாள் அப்படித்தான் விழுந்தது. தொட்டிலில் அப்போது யாரும் இல்லை.

ஸ்பிரிங் வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: உள்ளே பாதுகாப்புச் சங்கிலியோ கயிறோ இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் ஒடிந்தால் தொட்டிலை அதுதான் தாங்கும். முதலில் வாங்கியதில் இல்லை, 130 ரூபாய் வீண். இரண்டாவதில் இருந்தும், மேலாக நாங்களே எட்டு எம்.எம். நைலான் கயிற்றை உள்ளே ஓட்டி இரு முனையிலும் முடிந்தோம். கயிறு ஸ்பிரிங் நீளுவதைவிட நாலு அங்குலம் கூடுதலாகத் தளர்ந்து தொங்க வேண்டும். ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு பழைய பாவாடைத் துணியில் குழாய் மாதிரி உறை தைத்துப் போட்டோம். குனியும்போது அம்மாவின் தலைமுடி சுருளுக்குள் மாட்டும், பெரிய பிள்ளைகளின் விரல் நசுங்கும், அதற்காக.

சேலை விஷயத்தில் ஒரு தப்பு. பீரோவிலிருந்து எடுத்த நல்ல வழவழப்பான பாலியஸ்டர் சேலையைக் கட்டினோம். முடிச்சு வழுக்கி, ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம் மூன்று அங்குலம் இறங்கிவிட்டது. தொட்டிலுக்குப் பருத்திதான், அதுவும் பத்துப் பதினைந்து முறை துவைத்து நைந்த பருத்தி. புதுச் சேலையில் கஞ்சி மொடமொடப்பு போகாது, பிள்ளையின் கன்னத்தில் உராயும். சங்கரன்கோவில் பருத்திச் சேலை ஒன்று வீட்டில் ஆச்சியிடம் இருந்தது, அதுதான் கடைசியில் நின்றது.

பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த சேலையாக இருந்தால் அப்படியே கட்ட வேண்டாம். பிள்ளையின் துணி, போர்வை எதையும் அந்துருண்டையோடு வைக்கவே கூடாது. அதிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையை ஏற்றிவிடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. அந்த வாடை அடித்த சேலைகளை எல்லாம் தனியாக ஒதுக்கிவிட்டோம்.

அளவு: சேலை ஐந்தரை மீட்டர். நீளவாக்கில் இரண்டாக மடித்தால் 2.75 மீட்டர், ஏறக்குறைய ஒன்பது அடி. இரு முனையும் முடிச்சில் போக, ஒரு பக்கத்துக்கு மூன்றே முக்கால் அடி கிடைக்கும். தொட்டிலின் அடி, தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் போகக் கூடாது. அப்படியானால் மேலே சங்கிலியும் ஸ்பிரிங்கும் சேர்ந்து நாலே முக்கால் அடி. ஸ்பிரிங் பிள்ளையின் எடைக்கு ஏற்ப நீளும், அதனால் சங்கிலியை ஒரு கண்ணி கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய வேண்டும். எடை ஏற ஏற, ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு கண்ணி மேலே ஏற்றினோம். இவ்வளவு நீளத்தில் ஒரு போய்வரலுக்கு மூன்று நொடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். தூங்க வைக்க அந்த வேகம் போதும். கதவு நிலையில் குட்டையாகக் கட்டிய தொட்டில் படபடவென்று ஆடும், பிள்ளை முழித்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருக்கும்.

சேலையின் இரு பக்கத்தையும் விரித்துப் பிடிக்கக் கம்பு வேண்டும். முதலில் ஒன்றரை அடிக் கம்பு போட்டோம். தொட்டில் பை மாதிரி குவிந்து, பிள்ளையின் தாடை நெஞ்சில் இடித்தது. ஆச்சி பார்த்ததும், "எய்யா, பிள்ளைக்குக் குறுக்கு வளைஞ்சிரும், கம்பைப் பெரிசாப் போடு" என்றார். குறுக்கு (முதுகு) மட்டும் இல்லை, தாடை மடங்கினால் சின்னக் குழந்தைக்கு மூச்சுப் பாதையே குறுகும். இரண்டே கால் அடி வேம்புக் கம்பு, இரு முனையிலும் அரை அங்குல வெட்டு, உப்புத்தாள் போட்டு வழுவழுப்பாக்கியது. படுக்கையிலிருந்து இரண்டடி உயரத்தில் நிறுத்தினோம். அடி ஓரளவு தட்டையாக வந்தது.

அப்படியும் தொட்டில் தூங்க வைக்க மட்டும்தான், தூங்கிக்கொண்டே கிடக்க அல்ல. பிள்ளையை மல்லாக்க, தட்டையான கெட்டிப் படுக்கையில் போட வேண்டும் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். கண் அசந்து பத்து நிமிடம் ஆனதும் கீழே மாற்றிவிட வேண்டும், அதுவரை விழித்திருக்கும் ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கீழே பத்தமடைப் பாய், தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்தது, அதன்மேல் ஒரே மடிப்பில் பருத்தி விரிப்பு. தலையணை கிடையாது. மாற்றும்போது முதலில் புட்டம், பிறகு முதுகு, கடைசியில் தலை. தலையை முதலில் வைத்தால் விழுகிற மாதிரி திடுக்கிட்டு இரண்டு கையையும் விரித்து அழும். தலையை வைத்த பிறகும் கையை உடனே உருவாமல் முப்பது எண்ண வேண்டும்.

முனகல்

எல்லாம் மாட்டி ஆட்டியதும் மேலே 'கிரீச்' என்றது. தேங்காய் எண்ணெய் விட்டோம். அந்த ஒரு வேலை மூன்று வேலையாகப் பெருகியது. எண்ணெய் சங்கிலி வழியே இறங்கிச் சேலையில் கறை, தூசி ஒட்டிப் பிசுக்கு, மறுநாள் காலையில் தளத்திலிருந்து சங்கிலி நெடுக எறும்பு வரிசை. பால் வாடை அடிக்கிற துணி கீழே இருக்கும்போது எண்ணெய் விடுவது எறும்புக்கு வழி போட்டுக் கொடுப்பதுதான். முழுவதையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்தோம். அடுத்து சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வளையத்துக்கும் ஷாக்கிளுக்கும் நடுவில் வைத்தோம். பன்னிரண்டு நாள் சத்தமில்லை, பதின்மூன்றாம் நாள் ரப்பர் அறுந்து கருப்புத் துகள் கொட்டியது. கடைசியில் உள்ளே பேரிங் உள்ள ஸ்விவல் கொக்கி, 380 ரூபாய். இரும்போடு இரும்பு உராயும் இரண்டு இடத்தில் மட்டும் மெழுகுவர்த்தியைத் தேய்த்தோம். மெழுகுக்கு எறும்பு வருவதில்லை. பத்து நாளைக்கு ஒரு முறை தேய்த்தால் போதும்.

மற்ற சத்தங்கள்

தொட்டில் அமைதியானதும் வீட்டின் மற்றச் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கின. இத்தனை வருடம் யார் காதிலும் விழாத சத்தங்கள்.

இதில் ஒன்றைப் புரிந்துகொள்ளவே ஒரு வாரம் ஆனது. இரண்டு தெரு தள்ளி அம்மன் கோவில் கொடை (திருவிழா). ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டும் மேளமும். ஜன்னலை அடைத்து, பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். பிள்ளை அசையாமல் தூங்கியது. காலையில் யாரோ பிஸ்கட் கவரைப் பிரித்ததும் முழித்துக்கொண்டது. ஒரே சீராக வரும் சத்தம் எழுப்பாது, திடீரென்று வருவதும் திடீரென்று நிற்பதும்தான் எழுப்பும். இது தெரிந்த பிறகு எல்லாரையும் கிசுகிசுக்க வைப்பதை விட்டுவிட்டு, திடீர்ச் சத்தங்களை மட்டும் தேடினோம்.

கதவு: ஆடிக்காற்று அந்த வருடம் ஆவணியிலும் ஓயவில்லை. அறைக்கதவு படாரென்று அடித்துச் சாத்தியது. ஒரு துண்டை உள் கைப்பிடியிலிருந்து கதவின் விளிம்பைச் சுற்றி வெளிக் கைப்பிடிக்கு எட்டு மாதிரி கட்டினால் தீர்ந்தது. கதவு சாத்தினாலும் மெத்தென்று நிற்கும். செலவு இல்லை. இதைத்தான் எல்லா வீட்டுக்கும் முதலில் சொல்வோம்.

காலிங் பெல்: ஸ்பீக்கர் போட்டுக் குருவி கத்துகிற பெல். மெயினை அணைத்துவிட்டு, பெல்லுக்குப் போகும் வயரில் ஒரு சுவிட்ச் போட்டோம். அந்தச் சுவிட்சுக்கு முன்னாலிருந்தே ஒரு சின்ன எல்.ஈ.டி. பல்புக்கு இணைப்பு எடுத்து, பல்பை அடுக்களையில் மாட்டினோம். பொத்தானை அமுக்கினால் பல்பு எப்போதும் எரியும், சுவிட்ச் போட்டிருந்தால்தான் குருவி கத்தும். முதல் நாள் யாரும் அமுக்காமலே பல்பு மங்கலாக எரிந்தது. பொத்தானுக்குள் இருந்த சின்ன விளக்கு வழியே கசியும் மின்சாரம் அது. விளக்கு இல்லாத பொத்தான் மாற்றியதும் சரியானது. வயரிங் பழக்கம் இல்லாதவர்கள் இதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

குக்கர்: வெயிட்டின் மேல் துணி போடுவது, வெயிட்டை லேசாகத் தூக்கி விடுவது எல்லாம் ஆபத்து, செய்யவே கூடாது. முதல் விசில் வரப் போகிற சீற்றம் கேட்டதும் அடுப்பை முழுக்கச் சிம்மில் வைத்தால் விசில் வராமலே வெந்துவிடும். பருப்புக்குப் பதினைந்து நிமிடம் ஆனது.

கேட்டின் கீலுக்கு கிரீஸ், தாழ்ப்பாள் நாக்குக்கு டியூப் ரப்பர். பைக் வைத்திருக்கிறவர்கள் தெருமுனையிலேயே எஞ்சினை அணைத்து உருட்டிக்கொண்டு வந்தார்கள். சைடு ஸ்டாண்டு 'டக்' என்று அடிப்பதால் அதைக் கையால் பிடித்து இறக்கினார்கள். பார்க்க வந்த மாமாமார் சித்தப்பாமாரும் இரண்டே நாளில் பழகிவிட்டார்கள்.

கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், உடனே பிள்ளை எழும். வீட்டில் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இருந்தது. அதில் ஃபேன் ஓடினாலும் 'ம்ம்ம்' என்று இரைந்தது, அந்த மாற்றத்துக்கே பிள்ளை கண் திறந்தது. சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்த இரைச்சல் வராது. அதற்குப் பணம் ஒதுக்க முடியவில்லை. கரண்ட் போகும் நேரம் ஓலை விசிறிதான்.

துணி

ஐப்பசி மழை பிடித்ததும் அடுத்த வேலை. ஒரு நாளைக்கு இருபது துணிக்குக் குறையாது. நாலு முழப் பழைய வேட்டி ஒன்றில், அகலத்துக்கு இரண்டு, நீளத்துக்கு மூன்று என்று கிழித்தால் ஏறக்குறைய இரண்டடிச் சதுரமாக ஆறு துணி. வீட்டு ஆண்களின் பழைய வேட்டி ஐந்து போனது, முப்பது துணி ஆனது. அதன்பிறகு வீட்டில் எல்லாருக்கும் சாரம் (லுங்கி)தான்.

தட்டட்டியில் (மொட்டை மாடியில்) காயப்போட வழியில்லை. தார்சாவில் (தாழ்வாரத்தில்) பத்தடி நீளத்தில் ஆறு கொடி கட்டினோம். முதலில் தேங்காய் நார்க் கயிறு, ஈரத்தில் பழுப்புக் கறை ஏறியது, சிலும்பு துணியில் ஒட்டியது. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிக்கு மாற்றினோம். கொடிக்குக் கொடி ஆறு அங்குலம் விட்டு, பக்கவாட்டில் ஸ்டாண்டு ஃபேன் வைத்தால் ஐந்து மணி நேரத்தில் காய்ந்தது. அதே அறையில் தொட்டிலுக்கு மேலே கட்ட வேண்டாம், அறையே புழுங்கிவிடும்.

செலவு

வளைய போல்ட் 60, சங்கிலி ஐந்தடி 200, ஸ்பிரிங் 250, டி ஷாக்கிள் இரண்டு 120, ஸ்விவல் 380, கம்பு 150, டிரில் பிட் 90, நைலான் கயிறு 40. தொட்டிலுக்கு 1,290 ரூபாய். பெல் வேலை 140, கிரீஸ் 60, கொடிக் கம்பி 240, கிளிப் 100, இது 540. வீணாய்ப் போனது 210: முதல் ஸ்பிரிங், பிளக்கோடு போட்ட கொக்கி, 'எஸ்' கொக்கி. மொத்தம் 2,040. டிரில் மெஷின் இரவல்.

அடுத்த முறை மாற்றுவது: ஸ்விவலை முதல் நாளே வாங்கிவிடுவோம். ஸ்பிரிங்கை விட்டே விடலாமா என்று ஒரு யோசனை உண்டு. வெறும் சங்கிலியிலும் ஆட்டம் நன்றாகவே இருந்தது, பழுதாக ஒரு பொருள் குறையும். புது வீடு கட்டுகிறவர்கள், சென்ட்ரிங் போட்டுக் கம்பி கட்டும்போதே ஃபேன் கொக்கி மாதிரி ஒரு கொக்கியைப் படுக்கையறை மூலையிலிருந்து மூன்றரை அடியில் விட்டுவிடுங்கள். கொத்தனாருக்கு ஐந்து நிமிட வேலை. பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற அன்று காலையில் ஏணியில் நின்று டிரில் ஓட்டுகிற வேலை மிச்சம்.

ஐந்தாம் மாதம் பிள்ளை புரண்டு, சேலை விளிம்பைப் பிடித்துத் தலையைத் தூக்கியது. அன்றைக்கே தொட்டிலை இறக்கிவிட்டோம். எழுந்து உட்காரப் பார்க்கும் பிள்ளைக்குத் தொட்டில் ஆகாது. சங்கிலி, ஷாக்கிள், ஸ்விவல், ஸ்பிரிங், கம்பு எல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டாயிற்று. கூடவே 12 மி.மீ. பிட், ஒரு மெழுகுவர்த்தி, அளவெல்லாம் எழுதிய அட்டை. ஆச்சியின் சேலை துவைத்து மடித்துத் தனியாக இருக்கிறது. தை மாதம் அம்பாசமுத்திரத்தில் மதினிக்குப் பிரசவம். பை அங்கே போகிறது, வரும்போது அங்கிருந்து ஒரு நடைவண்டி வரும்.